ஓப்பன் ஃபைல் யாருக்குச் சொந்தம்?



நம் பாலிடெக்னிக்கில் படிக்கிறவர்களில் பலர் சாயங்காலம் ஆனால் ஏதாவது ஒரு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து நாலு காசு பார்க்கிறவர்கள்தான். நானும் அப்படியே. படிப்பது சிவில் மூன்றாம் ஆண்டு. மாலை ஆறு மணிக்கு மேல் ஒரு டி.டி.பி. கடையில் கோரல் டிரா, ஞாயிற்றுக்கிழமை ஒரு இன்ஜினீயர் ஆபீசில் ஆட்டோகேட். மாசி வீதிகளிலும் டவுன்ஹால் ரோட்டிலும் சிம்மக்கல்லிலும் மட்டுமல்ல, மேலூர், திருமங்கலம், வாடிப்பட்டி, உசிலம்பட்டி பஸ் ஸ்டாண்டுகளைச் சுற்றியும் இதே தொழில்தான். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து பிளெக்ஸ், கோயில் கொடை நோட்டீஸ், கடைக்கு விசிட்டிங் கார்டு, வீட்டுக்குப் பிளான்.

இந்த வேலையில் இருக்கிற எல்லோரும் கேட்டிருக்கக்கூடிய ஒரு வசனம் உண்டு. புரூஃப் பார்த்தாச்சு, கரெக்ஷன் முடிந்தது, காசும் கொடுத்தாகிவிட்டது. பார்ட்டி எழுந்து நின்று, வேட்டியைச் சரிசெய்துகொண்டு, ரொம்பச் சாதாரணமாகச் சொல்வார்: "தம்பி, அப்படியே அந்த ஓப்பன் ஃபைலையும் பென் டிரைவ்ல ஏத்தி விட்ருங்க."

அவ்வளவுதான். கடைக்குள் ஒரு மௌனம். நாம் ஓனரைப் பார்ப்போம், ஓனர் ஃபேனைப் பார்ப்பார். கொடுத்தால் நஷ்டம் என்று ஓனருக்குப் பயம்; கொடுக்காவிட்டால் ஏமாற்றுகிறார்கள் என்று பார்ட்டிக்குச் சந்தேகம். நடுவில் மௌஸைப் பிடித்துக்கொண்டு நாம். இதைப்பற்றி எந்தப் பாடத்திட்டத்திலும் ஒரு வரி கிடையாது. ஆகவே இந்த மலரில் என் கருத்தை எழுதுகிறேன். ஒப்புக்கொள்ளாதவர்கள் கேன்டீனில் சண்டைக்கு வரலாம்.

முதலில் விஷயத்தைத் தெளிவாக்கிக்கொள்வோம். பார்ட்டி கையில் நாம் கொடுப்பது அச்சடித்த தாள், அல்லது பி.டி.எஃப்., அல்லது வாட்ஸ்அப்பில் போகிற ஜேபெக். அதைப் பார்க்கலாம், அச்சடிக்கலாம். ஓப்பன் ஃபைல் என்பது நாம் வேலை செய்த மூலம். அதில் எழுத்து எழுத்தாகவும் கோடு கோடாகவும் தனித்தனியாக இருக்கும்; தேதியை மாற்றலாம், பெயரை எடுக்கலாம், நிறத்தைத் திருப்பலாம். சிவில்காரர்களுக்கு அது டி.டபிள்யூ.ஜி. ஃபைல். மெக்கானிக்கல் நண்பர்களுக்கு பார்ட் மாடலும் சி.என்.சி. புரோகிராமும். கம்ப்யூட்டர் துறைக்கு சோர்ஸ் கோடு. பெயர்தான் வேறு வேறு, சண்டை ஒன்றே.

சண்டையும் புதிதல்ல. ஈய எழுத்துக் காலத்தில் கம்பாசிட்டர் ஒவ்வொரு எழுத்தாகக் கோத்து அச்சடித்து முடித்ததும், அத்தனையையும் பிரித்து மறுபடி கேஸில் போட்டுவிடுவார். அடுத்த வேலைக்கு அதே எழுத்துதான் வேண்டும். அதனால் அன்று ஓப்பன் ஃபைல் என்று ஒன்று இருக்கவே வழியில்லை. கோத்ததைப் பிரிக்காமல் கட்டி வைக்கச் சொன்னால் அத்தனை ஈயமும் முடங்கிக் கிடக்கும். படம் போட்ட பிளாக் மட்டும் மிஞ்சும். அந்த பிளாக் யாருடையது என்று அப்போதே வழக்கு வந்திருக்கும், சந்தேகமில்லை. பக்கத்துச் சிவகாசியை எடுத்துக்கொள்ளுங்கள். 1920-களில் தீப்பெட்டித் தொழில் வந்தது, அதற்கு லேபிள் வேண்டியிருந்தது, லேபிளுக்காக லித்தோ அச்சகம் வளர்ந்தது. லித்தோவில் ஓவியர் படத்தை இடவலம் மாற்றிக் கல்லில் ஏற்ற வேண்டும். ஒரு தீப்பெட்டிக் கம்பெனி அந்தக் கல்லைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு பக்கத்து அச்சகத்துக்குப் போக முடியாது. பிறகு ஆஃப்செட் வந்தது, கல் போய் பாசிட்டிவ் ஃபிலிம் ஆனது. ஃபிலிமைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போகலாம். அதன் பிறகு கம்ப்யூட்டர் வந்தது, இப்போது சட்டைப் பாக்கெட்டில் போகிறது. கனம் குறையக் குறையக் கேட்பதும் சுலபமாகிவிட்டது. கல்லைக் கேட்க யாருக்கும் வாய் வராது. பென் டிரைவைக் கேட்க என்ன கூச்சம்?

"குடுத்தா என்னப்பே குறைஞ்சா போயிருவீங்க? ஒரு காப்பிதான!" என்பார்கள். ஃபைலில் குறைவது ஒன்றுமில்லை, வாஸ்தவம். ஆனால் டெய்லரிடம் சட்டை தைத்தால் சட்டையைத்தான் வாங்கி வருகிறோம், அவர் அட்டையில் வெட்டி மாட்டி வைத்திருக்கிற பேட்டர்னைக் கேட்பதில்லை. இது நம் கடைகளில் அடிக்கடி சொல்லப்படும் பதில். நானும் சொல்லியிருக்கிறேன். ஆனால் யோசித்துப் பார்த்தால் இந்தப் பதில் பாதிதான் சரி. சட்டையில் ஒவ்வொரு வருஷமும் தேதி மாற்ற வேண்டியதில்லையே!

கேட்கிறவர்கள் ஏன் கேட்கிறார்கள் என்று நாம் பெரும்பாலும் கேட்பதேயில்லை. நான் பார்த்த ஒரு விஷயம். எங்கள் கடைக்கு ஒரு சின்ன ஓட்டல்காரர் வருவார். இட்லி, புரோட்டா, கறிதோசை என்று ஒரே பக்க மெனு கார்டு. நாங்கள்தான் டிசைன் பண்ணிக் கொடுத்தோம். எண்ணெய் விலை ஏறினால் அவர் விலையை மாற்ற வேண்டும். வருஷத்தில் நாலு தடவை வந்து, ஒரு மணி நேரம் காத்திருந்து, இரண்டு எண்ணை மாற்றுவதற்குக் கரெக்ஷன் சார்ஜ் கொடுத்துவிட்டுப் போவார். ஒரு நாள், "என் மகன் கம்ப்யூட்டர் படிக்கிறான் அண்ணே, அவன் மாத்திக்கிருவான், ஃபைலைக் குடுங்க" என்றார். ஓனர் மாட்டேன் என்றுவிட்டார். "அது எங்க தொழில் ரகசியம்." மெனு கார்டில் என்ன ரகசியம்? புரோட்டா பதினைந்து ரூபாய் என்பது ரகசியமா? அவர் வேறு கடைக்குப் போனார். அங்கே பழைய கார்டை ஸ்கேன் பண்ணி அதன்மேல் வரைந்து ஒரு மணி நேரத்தில் புது ஃபைல் செய்து கொடுத்துவிட்டார்கள். கோரலில் டிரேஸ் என்று ஒரு வசதி இருப்பதைத் தெரியாதவர்கள் யாரும் இத்தொழிலில் இல்லை. அதற்குப்பின் அவர் வீட்டுக் காதுகுத்துக்குக்கூட எங்கள் கடைக்கு வரவில்லை. பிளெக்ஸ், பத்திரிகை, தாம்பூலப் பை என்று மொத்த வேலையும் அந்தக் கடைக்குப் போயிற்று.

நாலு கரெக்ஷன் சார்ஜுக்காக ஒரு நல்ல பார்ட்டியை இழந்த கதை இது. ஃபைலைப் பூட்டி வைத்தால் கஸ்டமர் கட்டுண்டு கிடப்பார் என்று நம்புகிற முதலாளிகளுக்கு நான் சொல்ல விரும்புவது, அந்தப் பூட்டு ரொம்ப லேசான பூட்டு என்பதே.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? நான் வக்கீல் இல்லை. ஆனால் 1957-ஆம் வருஷத்துக் காப்புரிமைச் சட்டத்தைப் படித்துப் பார்த்தேன். அதில் 17-ஆம் பிரிவை நாம் ஒவ்வொருவரும் ஒரு தடவையாவது படிக்க வேண்டும். ஒரு படைப்பைச் செய்தவரே அதன் முதல் உரிமையாளர் என்பது பொது விதி. அதற்கு விதிவிலக்குகள் உண்டு. காசு கொடுத்து எடுக்கச் சொன்ன போட்டோ, காசு கொடுத்து வரையச் சொன்ன பெயின்டிங் அல்லது உருவப்படம், செதுக்கு வேலை, சினிமாப் படம் இவற்றில், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், காசு கொடுத்தவரே முதல் உரிமையாளர்.

இதைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. ஃபிலிம் ரோல் காலத்துக் கல்யாண போட்டோக்களை வீட்டில் கேட்டுப் பாருங்கள். ஸ்டுடியோக்காரர் பிரிண்ட் கொடுப்பார், நெகட்டிவ் அவரிடமே இருக்கும். மறுபடி காப்பி வேண்டுமென்றால் அவரிடம்தான் போக வேண்டும். ஊரே அதை நியாயம் என்று ஏற்றுக்கொண்டிருந்தது. ஆனால் சட்டப்படி அந்தப் போட்டோவின் காப்புரிமை கல்யாண வீட்டுக்காரருடையது! மாறாக, காசு கொடுத்து வரையச் சொன்ன நோட்டீஸ் டிசைனோ வீட்டுப் பிளானோ அந்த விதிவிலக்குப் பட்டியலில் பெயர் சொல்லி வரவில்லை. அதனால் பொது விதிப்படி வரைந்தவர் பக்கம்தான் பேச்சு பலமாக இருக்கிறது. ஆக, ஊர் வழக்கம் ஒன்று, சட்டம் வேறொன்று.

இன்னொன்று. உரிமையை முழுசாக எழுதிக் கொடுப்பதென்றால் 19-ஆம் பிரிவுப்படி அது எழுத்தில் இருக்க வேண்டும், கையெழுத்து வேண்டும். எத்தனை வருஷத்துக்கு என்று எழுதாவிட்டால் ஐந்து வருஷம் என்றும், எந்த ஊருக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். "நான்தான் காசு குடுத்துட்டேன்ல, எல்லாம் என்னுது" என்று வாயால் சொன்னால் போதாது. அதேபோல் கடைப் பெயரும் வியாபாரக் குறியும் கடைக்காரருடையவை. ஃபைல் நம்மிடம் இருப்பதால் அவை நமக்கு வந்துவிடாது. பத்திரிகையில் இருக்கிற பெயர்கள், வரலாறு, அவர் கொடுத்த போட்டோ எல்லாம் அவருடையவையே. அவற்றைத் திருப்பிக் கேட்டால் தர மறுப்பது அடகுக் கடைக்காரர் செய்கிற வேலை, டிசைனர் செய்கிற வேலையல்ல.

இங்கே நம்மைப் போன்றவர்களுக்கு ஒரு முக்கியமான சங்கதி உண்டு. அதே 17-ஆம் பிரிவில், வேலைக்காரராக இருந்து வேலை நேரத்தில் செய்ததற்கு முதலாளியே முதல் உரிமையாளர் என்று இருக்கிறது. அப்ரெண்டிஸ் என்ற சொல்லும் அதில் இருக்கிறது! டிப்ளமா முடித்ததும் ஒரு வருஷம் டெக்னீஷியன் அப்ரெண்டிஸாகப் போகப் போகிற நண்பர்கள் இதைக் கவனிக்கவும். அந்த ஒரு வருஷத்தில் கம்பெனியில் வரைகிற டிராயிங் எதுவும், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, உங்களுடையதல்ல. நான் வரைந்ததுதானே என்று பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு வெளியே வரக்கூடாது. அதே மாதிரி, கடையில் சம்பளத்துக்கு உட்கார்ந்திருக்கும்போது ஓனர் டீ குடிக்கப் போன நேரம் பார்த்து, "தம்பி, உனக்கு நூறு ரூபா தர்றேன், ஃபைலை ஏத்தி விடு" என்று சில பேர் சொல்றாய்ங்க. அந்த நூறு ரூபாயைத் தொடாதீர்கள். கொடுக்கலாமா கூடாதா என்று முடிவு செய்கிற உரிமையே அங்கு நமக்கில்லை. வீட்டிலிருந்து ஒரு வேலைக்கு இவ்வளவு என்று சொந்தமாக எடுத்துச் செய்தால் கதை வேறு. அப்போது பேசவேண்டியதும் நாம்தான்.

இப்போது என் சொந்தத் துறைக்கு வருகிறேன். இதில்தான் எனக்குக் கொஞ்சம் பயம் உண்டு. நோட்டீஸில் தேதியை மாற்றினால் உயிருக்கு ஆபத்தில்லை. வீட்டுப் பிளானில் ஒரு காலத்தை எடுத்துவிட்டால்? எங்களுக்கு சீனியரான ஒருவர், ஒத்தக்கடைப் பக்கம் ஒரு வீட்டுக்கு டிராயிங் செய்து கொடுத்தார். கான்ட்ராக்டர் நைசாகப் பேசி டி.டபிள்யூ.ஜி. ஃபைலை வாங்கிக்கொண்டார். பிறகு அதே பிளானை மேலூர் பக்கம் வேறொரு மனையில் போட்டு, அளவுகளை இழுத்து நீட்டி, போர்ட்டிகோவில் ஒரு காலத்தையும் எடுத்துவிட்டார். ஆனால் கீழே டைட்டில் பிளாக்கில் எங்கள் சீனியரின் பெயர் அப்படியே இருந்தது! பேங்க் லோனுக்கு வந்த இன்ஜினீயர் போன் பண்ணி, "இந்த ஸ்பானுக்கு இந்த பீம் எப்படிப் போதும்?" என்று கேட்டபோதுதான் அவருக்கே விஷயம் தெரியும். லோனுக்காக ஒருவர் பார்த்ததால் தப்பித்தது. பேங்க் பக்கமே போகாமல் கைக்காசில் கட்டியிருந்தால் யார் பார்த்திருப்பார்கள்?

சட்டத்தை நம்பலாமா என்றால், அதிலும் ஒரு முட்டுக்கட்டை. நம் டிராயிங்கைத் திருடிக் கட்டடம் கட்ட ஆரம்பித்துவிட்டால், 59-ஆம் பிரிவுப்படி கட்டுவதை நிறுத்தச் சொல்லித் தடை உத்தரவு வாங்க முடியாது, இடிக்கச் சொல்லவும் முடியாது. நஷ்டஈட்டுக்குத்தான் போராட வேண்டும். பெரிய பெரிய கட்டடக் கலைஞர்களுக்கே இந்தக் கதிதான். டில்லி பிரகதி மைதானத்தில் 1972-ல் எழுந்த ஹால் ஆஃப் நேஷன்ஸ் 2017-ல் இடிக்கப்பட்டது. வடிவமைத்த ராஜ் ரேவால் வழக்குப் போட்டார். கட்டடத்தின் உரிமையாளர் இடிப்பதை ஆர்க்கிடெக்ட் தடுக்க முடியாது என்று 2019-ல் டில்லி உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. இன்னொரு பக்கம், விஞ்ஞான் பவனில் இருந்த தன் வெண்கலச் சுவர்ச்சிற்பத்தை அரசாங்கம் 1979-ல் பெயர்த்தெடுத்துச் சேதப்படுத்தியதற்காக அமர்நாத் சேகல் போட்ட வழக்கில், 2005-ல் அதே நீதிமன்றம் சிற்பத்தில் மிஞ்சியதை அவரிடமே திருப்பித் தரவும் 5 லட்சம் ரூபாய் நஷ்டஈடு கொடுக்கவும் உத்தரவிட்டது. உரிமையை விற்றுவிட்டாலும், படைப்பைச் சிதைத்துப் படைத்தவரின் பெயரைக் கெடுக்கக்கூடாது என்கிற 57-ஆம் பிரிவு அங்கே கைகொடுத்தது. ஆனால் அதற்கு எத்தனை வருஷம் ஆனது பாருங்கள்! நம்மைப் போன்ற ஆளுக்கு அத்தனை வருஷம் கோர்ட்டுக்கு அலைய ஏது நேரம், ஏது காசு?

ஆகவே சிவில் டிராயிங்கைப் பொறுத்தவரை என் கருத்து கறாரானது. டி.டபிள்யூ.ஜி. கொடுக்கத்தான் வேண்டும் என்றால் டைட்டில் பிளாக்கையும் கையெழுத்தையும் ஸ்ட்ரக்சரல் ஷீட்டையும் எடுத்துவிட்டு, வெறும் பிளான் கோடுகளை மட்டும் கொடுக்க வேண்டும். கூடவே ஒரு கடிதம்: இன்ன தேதியில், இன்ன மனைக்காக, இந்த ஃபைல் கொடுக்கப்பட்டது, இதன்பின் செய்யும் மாற்றங்களுக்கு மாற்றியவரே பொறுப்பு. கையெழுத்து வாங்கி ஃபைலில் போடுங்கள். இந்தக் கடிதத்துக்கு யோசிக்கிற கான்ட்ராக்டருக்கு ஃபைலைக் கொடுக்கவே கூடாது.

டி.டி.பி. வேலையில் இன்னொரு தலைவலி எழுத்துரு. இது தமிழர்களான நமக்கென்றே வாய்த்தது. பாமினியில் அடித்த ஒரு பத்திரிகையை, அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் திறந்து பாருங்கள். 'தமிழ்' என்ற சொல் ஜே, கே, பி, ஓ என்று நாலு ஆங்கில எழுத்தும் வாலில் ஒரு அரைப்புள்ளியுமாக நிற்கும்! மணமகன் பெயர், மணமகள் பெயர், தாய்மாமன் பெயர் எல்லாமே இந்த லட்சணத்தில்தான் தெரியும். ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு விதமாக எழுத்துகளை அடுக்கிவைத்ததால் வந்த வினை. 1999-ல் சென்னையில் தமிழ்நெட் மாநாடு நடந்து ஒரு பொது விசைப்பலகையும் குறியீடும் முடிவாயின. 2010-ல் தமிழக அரசு யூனிகோடை ஏற்றுக்கொண்டது. இருந்தாலும் கல்யாணப் பத்திரிகைக்கு அழகான எழுத்து என்றால் கடைகளில் கை தானாகப் பழைய எழுத்துருவுக்குத்தான் போகிறது. ஓப்பன் ஃபைலைக் கொடுத்த மறுநாள் பார்ட்டி போன் பண்ணி, "தம்பி, என்ன ஃபைல் குடுத்தீங்க? பூராம் இங்கிலீசா இருக்கு!" என்று திட்டுவார். எழுத்துருவையும் சேர்த்துக் கொடுக்கலாமென்றால், காசு கொடுத்து வாங்கிய எழுத்துருவை அடுத்தவருக்குக் கொடுக்க நமக்கு உரிமை கிடையாது. போதாக்குறைக்கு, புது வெர்ஷன் கோரலில் சேமித்ததைப் பழைய வெர்ஷன் திறக்காது.

இதற்குக் கடைக்காரர்கள் கண்டுபிடித்த நடுவழிதான் 'கர்வ் பண்ணிக் கொடுப்பது'. எழுத்தையெல்லாம் வெறும் கோட்டுப் படமாக மாற்றிவிட்டால் எந்தக் கம்ப்யூட்டரிலும் அப்படியே தெரியும். வேறு அச்சகத்தில் அடிக்கலாம், பெரிதாக்கலாம், நிறம் மாற்றலாம். எழுத்தைத் திருத்த மட்டும் முடியாது. பாதிப் பார்ட்டிகளுக்கு உண்மையில் இதுவே போதும். அவர்கள் ஓப்பன் ஃபைல் என்று கேட்பது வேறு இடத்தில் பெரிய பிளெக்ஸ் அடிப்பதற்காகத்தான் இருக்கும். எதற்காக என்று ஒரு வார்த்தை கேட்டால் சண்டை அங்கேயே முடிந்துபோகும். ஆனால் கர்வ் பண்ணியதை "இதாண்ணே ஓப்பன் ஃபைல்" என்று சொல்லி ஏமாற்றிக் கொடுப்பதும் நம் ஊரில் நடக்கிறது. அது பச்சைப் பொய். கர்வ் பண்ணியது என்றால் கர்வ் பண்ணியது என்று சொல்லிக் கொடுங்கள்.

கம்ப்யூட்டர் துறை நண்பர்கள் என்னோடு சண்டை போடுகிற இடம் ஒன்று உண்டு. மென்பொருளில் மூலத்தைக் கொடுக்காமல் இருப்பதே அநியாயம் என்பார்கள். அதிலும் நியாயம் இருக்கிறது. 1980 வாக்கில் அமெரிக்காவில் எம்.ஐ.டி. ஆய்வுக்கூடத்துக்கு ஜெராக்ஸ் கம்பெனியின் லேசர் பிரிண்டர் ஒன்று வந்தது. தாள் சிக்கிக்கொண்டால் எல்லோருக்கும் தகவல் போகிற மாதிரி அதன் மென்பொருளைத் திருத்த நினைத்தார் ரிச்சர்ட் ஸ்டால்மன். சோர்ஸ் கோடு வைத்திருந்தவர் தர மறுத்துவிட்டார். அந்த எரிச்சலும் சேர்ந்துதான் 1983-ல் க்னூ திட்டத்தை அவர் அறிவித்தார். லினக்ஸ் லேபில் நாம் தட்டுகிற பல கட்டளைகள் அங்கிருந்து வந்தவைதான். பொருளை வாங்கியவன் அதைப் பழுது பார்க்கக்கூட முடியாமல் விற்றவனையே நம்பிக் கிடப்பது அவமானம் என்று அவர் நினைத்தார். எங்கள் ஓட்டல்காரரும் இதைத்தான் நினைத்திருப்பார், அவருக்குச் சொல்லத் தெரியவில்லை, அவ்வளவுதான். ஆனாலும் டிசைனை மென்பொருளோடு முழுக்க ஒப்பிட முடியாது. மென்பொருள் நாளைக்கு ஓடாமல் போனால் வியாபாரம் நின்றுவிடும். விசிட்டிங் கார்டு ஓடாமல் போவதில்லை.

அப்படியானால் என்ன செய்வது? என்னைக் கேட்டால், முழுப் பிரச்சினையும் நேரத்தைப் பற்றியது. வேலை முடிந்தபின் பேசுவதால்தான் இரண்டு பக்கமும் மனக்கசப்பு. வேலை எடுக்கும்போதே, அட்வான்ஸ் வாங்குகிற நிமிஷத்தில், "அண்ணே, இந்த ரேட்டுக்கு உங்களுக்கு பி.டி.எஃப்.தான். ஓப்பன் ஃபைலும் வேணும்னா இன்னும் இவ்வளவு ஆகும்" என்று சொல்லிவிட்டால் யாரும் கோபப்படுவதில்லை. ரூபாய்க் குறியீட்டை வடிவமைத்த உதயகுமாரை எல்லோருக்கும் தெரியும், நம் கள்ளக்குறிச்சிக்காரர். 2009-ல் மத்திய அரசு போட்டி வைத்தபோதே, ஜெயிக்கிற வடிவத்தின் உரிமை அரசுக்குத்தான் என்று விதியில் சொல்லிவிட்டது. 2010 ஜூலை 15 அன்று அவர் வடிவம் தேர்வானது, இரண்டரை லட்சம் ரூபாய் பரிசு. இன்று அந்தக் குறி எத்தனை பில்லில், எத்தனை பெட்டிக்கடை போர்டில் இருக்கிறது! ஒன்றுக்கு ஒரு பைசா என்று வைத்தாலும் கணக்குத் தாங்காது. இரண்டரை லட்சம் குறைவு என்று நீங்கள் வாதாடலாம், நானும் கூடச் சேருவேன். ஆனால் முன்னாலேயே சொல்லப்பட்ட பேரம் அது, தெரிந்தே வரைந்தார்கள். உரிமை யாருக்கு என்ற சச்சரவுக்கு அங்கே இடமே இல்லை.

விலை எவ்வளவு வைப்பது என்பதில் கடைக்குக் கடை ஒரு கணக்கு. சில பேர் டிசைன் சார்ஜின் இரண்டு மடங்கு கேட்கிறாய்ங்க. அது கொடுக்காமலிருக்க ஒரு சாக்கு. என் கணக்கு எளிது. ஃபைல் நம்மிடம் இருந்தால் அந்தப் பார்ட்டி அடுத்த இரண்டு வருஷத்தில் எத்தனை கரெக்ஷனுக்கு வருவார் என்று யோசியுங்கள். அந்தப் பணத்தில் பாதியைக் கேளுங்கள். அவருக்கும் லாபம், நமக்கும் இன்றைக்கே கையில் காசு. ஓட்டல்காரர் நிச்சயம் சம்மதித்திருப்பார். கிராமத்துக் கோயில் நோட்டீஸ் மாதிரி வருஷத்துக்கு ஒரு தடவை தேதியும் நாலு பெயரும் மாறுகிற வேலைக்கு நான் ஒன்றும் வாங்க மாட்டேன். வரிப்பணத்தில் அடிக்கிறார்கள், அடுத்த வருஷம் கும்பாபிஷேகம் வந்தால் நம்மிடம்தான் வருவார்கள். அதெல்லாம் அவரவர் மனசு. ஆனால் ஒரு கம்பெனி லோகோ, கலர் லேபிள், புத்தக அட்டை போன்ற, மண்டையை உடைத்துக்கொண்டு செய்த வேலையை "சும்மா குடு தம்பி" என்று கேட்டால், சும்மா என்ற சொல்லுக்கே அங்கு இடம் கொடுக்காதீர்கள்.

கொடுக்கும்போதும் ஒரு முறை இருக்கிறது. நாம் வேலை செய்த அதே ஃபைலைத் தூக்கிக் கொடுக்கக்கூடாது. அதில் வேண்டாமென்று ஒதுக்கிய மூன்று மாதிரிகள் பக்கத்தில் கிடக்கும், வேறொரு பார்ட்டியின் போன் நம்பர் கிடக்கும், நெட்டில் எடுத்த படம் கிடக்கும். தனியாக ஒரு காப்பி எடுத்து, சுத்தம் செய்து, தேதி போட்டு, நம் மூலத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும். நாளைக்கு யாராவது குளறுபடி செய்துவிட்டு "நீங்க குடுத்ததே இப்பிடித்தான்" என்று வந்தால் காட்டுவதற்கு அதுதான் சாட்சி.

இவ்வளவு பேசுகிற நாம், நம் யூனியன் என்ன செய்கிறது என்றும் பார்க்க வேண்டாமா? இப்போது உங்கள் கையில் இருக்கிற இந்த மலர் வருஷா வருஷம் வருகிறது. இதில் கடைசிப் பக்கங்களில் இருக்கிற விளம்பரங்களில் பாதி போன வருஷமும் இருந்தவை. அதே ஜவுளிக்கடை, அதே டிரைவிங் ஸ்கூல், அதே மெஸ். இருந்தும் ஒவ்வொரு வருஷமும் அத்தனையையும் புதிதாக அடித்து, புதிதாக புரூஃப் பார்த்து, அதற்கு யூனியன் காசு கொடுக்கிறது. போன வருஷம் அச்சடித்த இடத்தில் ஃபைல் கேட்டதற்கு, "அதெல்லாம் அழிச்சாச்சு தம்பி" என்று பதில் வந்தது. நாலு வருஷத்துக்கு முந்தி ஒரு சீனியர் எழுதிய நல்ல கட்டுரையை மறுபிரசுரம் செய்யலாமென்றால், கறையான் அரித்த ஒரு பிரதி மட்டும் லைப்ரரியில் இருக்கிறது. அந்த அச்சகத்தை நான் குறை சொல்ல மாட்டேன். கொட்டேஷன் வாங்கும்போது நாம் கேட்கவில்லை, அவர்கள் சொல்லவில்லை.

அடுத்த வருஷ மலருக்குக் கொட்டேஷன் கடிதம் எழுதப்போகிற புதிய செயலாளர் அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பக்க எண்ணிக்கை, தாளின் கனம், அட்டை லேமினேஷன், டெலிவரி தேதி என்று எழுதுகிற இடத்தில் இந்த வரியையும் சேர்த்துவிடுங்கள்: "அச்சு முடிந்ததும் மலரின் திருத்தக்கூடிய மூல ஃபைலும், கட்டுரைகள் யூனிகோடிலும், யூனியனிடம் ஒப்படைக்கப்பட வேண்டும், இதற்கான தொகையைத் தனியாகக் குறிப்பிடவும்." மூன்று அச்சகத்திலாவது கேளுங்கள். அதிகம் சொல்கிறவரிடம் எதற்கு அவ்வளவு என்று உட்கார்ந்து பேசுங்கள். பேரம் பேச ஆள் வேண்டுமென்றால் ஞாயிறு தவிர எந்த நாள் மத்தியானமும் நான் வருகிறேன்.